முள் எழும்பாத வண்டி

அம்மாவின் வண்டியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் எழும்பாது. எங்கள் தெருவுக்கே இது தெரியும், ஏனென்றால் தெருவுக்கே சொன்னவள் அம்மாதான். மேட்டில் ஏற்றினாலும் சரி, பின் சீட்டில் நான்கு நர்ஸ்களை நெருக்கி உட்கார வைத்தாலும் சரி, டேஷ்போர்டின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன முள் நீலக்கோட்டுப் பக்கமே படுத்துக் கிடக்கும்.

"மத்தவன் வண்டியெல்லாம் கொதிக்குது. என் வண்டி முள்ளப் பாரு, பால் குடிச்ச பிள்ளை மாதிரி தூங்குது" என்பாள்.

அந்த வண்டிதான் என்னைப் படிக்க வைத்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய் ஷிப்டுக்கு விடுவதும், ஷிப்டு முடிந்தவர்களை வீட்டில் விடுவதும் அம்மாவின் ஓட்டம். அந்த ஓட்டத்தில் வந்த காசில்தான் என் கல்லூரிக் கட்டணம், பஸ் பாஸ், இரவல் வாங்காமல் நானே வாங்கிக்கொண்ட புத்தகங்கள் எல்லாம். எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலைத் தாண்டியதில்லை. அம்மா வாசல் வரைக்கும் வந்திருக்கிறாள், என்னை இறக்கிவிட.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். அதாவது அளப்பதற்கென்றே ஒரு படிப்பு. சூடு, அழுத்தம், வேகம், எதையும் ஊகிக்காமல் அளந்து சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். நேர்காணலுக்குப் போன இடங்களில் எல்லாம், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில்களால் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆகவே, அம்மா வண்டியைப் பழுதுபார்க்க விடும் பட்டறையிலேயே பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறை மேஸ்திரி கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன். அவர் என்னை "டிகிரி" என்று கூப்பிடுவார். "டிகிரி, ரெண்டு டீ சொல்லு." "டிகிரி, இந்த பிரிண்டர் ஏன் கக்குது பாரு." அன்பாகத்தான் கூப்பிடுவார். அன்பாகக் கூப்பிட்டாலும் குத்துகிற பெயர்கள் உண்டு.

மேஸ்திரியிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. காரில் சொருகினால் கோளாறைச் சொல்லும் கையடக்கப் பெட்டி. வாங்கி வருஷக்கணக்கு ஆகியும் திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை, யாரையும் தொடவும் விடமாட்டார். அவர் அதைப் பயன்படுத்துகிற விதமே தனி. பெட்டி எந்த சென்சாரின் பெயரைச் சொல்கிறதோ அந்த சென்சாரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவார். பெயர் வந்தால் ஆளைத் தூக்கு. போலீஸ்காரர் வேலை.

அம்மாவின் வண்டி கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. பெட்ரோலைக் குடமாய்க் குடித்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. புகைச் சோதனைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, நீங்க ஓட்டுறது காரா, ரயிலா?" என்று கேட்டு, பாஸ் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

சோதனைச் சான்று இல்லாமல் ஆஸ்பத்திரி ஓட்டம் ஓட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் வண்டிகளுக்குப் பொறுப்பானவர் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பேப்பர் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம்.

மேஸ்திரி பெட்டியைச் சொருகினார். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் பெயர் வந்தது. மாற்றினார். விளக்கு அணைந்தது, மறுநாள் மறுபடி எரிந்தது. மறுபடி சொருகினார். இன்ஜினின் சூட்டை அளக்கும் சென்சாரின் பெயர் வந்தது, இன்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்ற குறிப்போடு. அதையும் மாற்றினார். விளக்கு மறுபடி எரிந்தது. புகை அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மதியம் மேஸ்திரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, மனசைத் தேத்திக்கங்க. வண்டியோட கம்ப்யூட்டரே போச்சு. அதை மாத்துற காசுக்கு இன்னொரு பழைய வண்டி வாங்கிடலாம். பேசாம உடைக்கக் குடுத்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், நல்ல விலை போடுவான்."

அம்மா வண்டியின் கூரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

நான் பில் மேசையை விட்டு எழுந்து வந்தேன்.

"மேஸ்திரி, ரெண்டு சென்சார் மாத்தியாச்சு. புதுசு, பழசு எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லுது. இன்ஜின் குளிரா இருக்குதுன்னு. ஒருவேளை நிஜமாவே குளிரா இருந்தா?"

மேஸ்திரி சிரித்தார். "ஓடுற இன்ஜின் எப்படிம்மா குளிரா இருக்கும்? டிகிரி, காலையில சாப்பிட்டியா நீ?"

வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அம்மா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நீ சும்மா இருடி. தெரிஞ்சவங்க பேசிக்கிட்டிருக்காங்க."

அடுத்தவர் வீட்டு வாசலில் அடி வாங்கியதுபோல இருந்தது. "படி, படி, என்னை மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுத் தொங்காதே" என்று வருஷம் பூராவும் ஓதின அதே வாய். படித்ததைப் பயன்படுத்த ஒரு இடம் வந்தவுடன் சும்மா இருக்கச் சொல்கிறது.

"தெரிஞ்சவங்க பேசினது போதும்மா" என்றேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வண்டி ஒருநாள் என்கிட்ட இருக்கட்டும்."

"எதையாவது உடைச்சு வெச்சிடாதே, டிகிரி" என்றார் மேஸ்திரி.

"உடைக்கக் குடுங்கன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

இந்தமுறை வெல்டிங்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். கிளம்பும்போது மேஸ்திரி கழற்றிப்போட்ட சூட்டு சென்சாரைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை வீட்டு வாசலில் வைத்தே ஆரம்பித்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, இன்ஜின் சில்லென்று இருந்தது. முதலில் பழைய சென்சாரையும், வண்டியில் இருந்த புதியதையும் கழற்றி ஒரே டம்ளர் வெந்நீரில் நிறுத்தினேன். மல்டிமீட்டரின் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சூடு ஏற ஏற இந்த சென்சாரின் மின்தடை இறங்க வேண்டும். இரண்டிலும் இறங்கியது. வெந்நீர் ஆற ஆற இரண்டிலும் ஏறியது. ஏறக்குறைய ஒரே எண். குப்பைக்குப் போனவன் குற்றமே செய்யவில்லை.

சென்சார் பொய் சொல்லவில்லை என்றால் இன்ஜின் குளிராகத்தான் இருக்கிறது. எப்படி?

சென்சாரை மாட்டி, வண்டியைக் கிளப்பிவிட்டு, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு வால்வு இருக்கிறது, தெர்மோஸ்டாட் என்பார்கள். அது ஒரு கதவு. இன்ஜின் சூடாகும்வரை கதவு சாத்தியிருக்கும், தண்ணீர் உள்ளேயே சுற்றும், இந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். போதுமான சூடு வந்ததும் கதவு திறக்கும், ஹோஸ் திடீரென்று சுடும். அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அம்மாவின் வண்டியில் கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் மெதுவாக வெதுவெதுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சோம்பலாக.

கதவு திறந்தே கிடக்கிறது. அல்லது கதவே இல்லை.

வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. கையில் காபி இருந்தது. எனக்கா, அவளுக்கா என்று முடிவு செய்யாத மாதிரி பிடித்திருந்தாள்.

"அம்மா, இதுல தெர்மோஸ்டாட் வால்வை யாராவது கழட்டினாங்களா?"

"ஓ, அதுவா?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான்தான் கழட்டச் சொன்னேன். மேஸ்திரிதான் கழட்டினார்."

"எப்ப?"

"நீ ஸ்கூல் படிக்கிறப்ப. மேட்டுல ஏறும்போது வண்டி கொதிச்சு நின்னுடுச்சுடி. பின்னால நாலு நர்ஸுங்க. எல்லாரும் வெயில்ல இறங்கி நின்னாங்க. அந்த வழியா போன ஒரு லாரிக்காரன் நிறுத்தி, தலையை வெளிய நீட்டி, பொம்பளை ஓட்டினா வண்டிக்கே கோவம் வந்து கொதிக்குதுன்னு சொல்லிட்டுப் போனான். அவளுங்களும் சிரிச்சாளுங்க." அம்மா காபியை ஒரு வாய் அவளே குடித்தாள். "அன்னைக்குத்தான் மேஸ்திரிகிட்ட சொன்னேன், இனி இந்த ஜென்மத்துல என் வண்டி கொதிக்கக் கூடாதுன்னு. அந்த வால்வைக் கழட்டிட்டா தண்ணி தாராளமா ஓடும்னார். கழட்டிட்டோம். அதுக்கப்புறம் எவனாவது வாயைத் திறந்திருப்பானா?"

இத்தனை வருஷமும் அம்மா பெருமையடித்துக்கொண்ட முள் அது. தூங்குகிற முள். அது தூங்கியதுதான் நோய்.

கோபம் வந்தது. அம்மா மேல் இல்லை. அந்த லாரிக்காரன் மேல். அவன் எங்கேயோ போய்விட்டான், அவன் சொன்ன ஒரு வார்த்தை இங்கே ஒரு இன்ஜினை வருஷக்கணக்காகக் குளிரில் நடுங்க வைத்திருக்கிறது.

"அம்மா, இங்க வா" என்று பானெட்டின் பக்கம் இழுத்தேன். "இன்ஜின் சூடேறலைன்னா, இப்பத்தான் விடியக்காலையில கிளம்பியிருக்கோம்னு கம்ப்யூட்டர் நெனைச்சுக்கும். குளிருக்கு இதமா கொஞ்சம் கூடவே பெட்ரோல் ஊத்தும். உன் வண்டிக்கு நாள் பூரா விடியக்காலைதான். அதான் புகை. அந்தப் புகையைப் பார்த்துத்தான் ஆக்சிஜன் சென்சார் கத்துச்சு. சூடு பத்தலைன்னு இன்னொண்ணு கத்துச்சு. ரெண்டும் புகார் குடுத்ததுங்க. நாம புகார் குடுத்தவனையே பிடிச்சு உள்ள போட்டோம்."

அம்மா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதடு மட்டும் தனியாக வேலை செய்யும்.

"சரி. இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் புகை?"

நல்ல கேள்வி. என் பேராசிரியர்கள் பலருக்கு இப்படிக் கேட்கத் தெரியாது.

"முன்னாடி நீ ஊருக்குள்ள ஓட்டினே. நின்னு நின்னு போற வண்டி எப்படியோ சூடாயிடும். போன வருஷம் ஆஸ்பத்திரி பைபாஸுக்கு மாறிடுச்சு. இப்ப காத்து மூஞ்சியில அடிக்க, நிக்காம ஓட்டுறே. சூடு எங்கே நிக்கும்?"

"ம்." ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். ஆனால் உடனே, "திரும்ப அதை மாட்டினா திரும்பக் கொதிக்கும்" என்றாள்.

"அன்னைக்கு ஏன் கொதிச்சுது? வேற எதையாவது மாத்தினாரா மேஸ்திரி?"

"ஃபேனும் சுத்தலை அன்னைக்கு. எலி வயரைக் கடிச்சிருந்துது. அதையும் சேர்த்து மாத்தினார்."

"அம்மா! எலி பண்ணின தப்புக்கு வால்வுக்குத் தண்டனையா?"

அம்மா சிரிக்காமலிருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மீதிக் காபியை என்னிடம் நீட்டினாள்.

வால்வு இருந்த கூட்டைத் திறந்தேன். உள்ளே வெறும் ரப்பர் வளையம்தான். கழற்றிய பல்லின் இடம் மாதிரி காலியாக இருந்தது. ஸ்பேர் கடை ஞாயிறு அரைக்கதவு திறந்திருக்கும். போய் வால்வு வாங்கி வந்தேன். நேராக மாட்டிவிடவில்லை. புதிது என்பதற்காகவே ஒன்றை நம்புகிற வழக்கம்தான் இந்த வண்டியை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது.

அப்பா தையல்காரர். அவரிடம் நல்ல கெட்டி நூலாக ஒரு முழம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். எங்கள் வீட்டில் இரண்டு பெண்களோடு இத்தனை காலம் குடித்தனம் செய்த அனுபவம். வால்வின் வாயைக் கொஞ்சம் விரித்து நூலின் நுனியை அதில் கடிக்கக் கொடுத்தேன். அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலைப் பிடித்து வால்வை அதற்குள் தொங்கவிட்டேன். பக்கத்தில் கல்லூரியில் வாங்கிய கண்ணாடி வெப்பமானி. வாய் மூடியிருக்கும்வரை நூலைக் கடித்துக்கொண்டு தொங்கும். திறந்தால் விழும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி சமைக்கிறே?"

"வால்வு."

"உப்பு போட்டியா?"

"பேசாம பாரும்மா."

தண்ணீரில் சின்னக் குமிழிகள் வந்தன. வால்வு அசையாமல் தொங்கியது. ஆவி எழுந்தது. அம்மா என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அவள் சமைப்பதை நான் அப்படித்தான் பார்ப்பேன். வெப்பமானி, வால்வின் விளிம்பில் பொறித்திருந்த எண்ணைத் தொட்டு ஒரு கோடு தாண்டியது. டக். வால்வு பாத்திரத்தின் அடியில் விழுந்தது. நூல் வெறுமனே என் கையில் ஆடியது.

"திறந்துடுச்சா?" என்றாள் அம்மா, ரகசியம் மாதிரி.

"எழுதியிருக்கிற சூட்டுல கரெக்டா திறக்குது."

"இன்னொரு தடவை பண்ணு."

இன்னொரு தடவை செய்து காட்டினேன். அவள் நம்பாமல் கேட்கவில்லை. பிடித்துப்போய்க் கேட்டாள்.

கூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து வால்வை மாட்டினேன். தண்ணீர் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினேன், பழைய புகார்களை கம்ப்யூட்டர் மறக்கட்டும் என்று. பிறகு நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்தே இருந்தது, இருந்தது, இருந்தது, சட்டென்று சுட்டது. கையை உதறிக்கொண்டு சிரித்தேன். அப்புறம் ஃபேன் சுழல்கிறதா என்று காத்திருந்து, சுழன்று, நின்று, மறுபடி சுழல்வதைப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

அந்த நேரம் முழுக்க அம்மா வீட்டுக்குள்தான் இருந்தாள். முள் ஏறுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை காலை சோதனை நிலையத்துக்கு அம்மாதான் ஓட்டினாள். பைபாஸில் போகும்போதே முள் நீலக்கோட்டை விட்டு எழுந்தது. அம்மா சாலையைப் பார்ப்பாள், முள்ளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். நான் முன்னால் போன லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நிலையத்தில் எங்களுக்கு முன் நான்கைந்து வண்டிகள். இன்ஜினை நிறுத்தக் கூடாது, சூடாக இருந்தால்தான் சோதிப்பார்கள். நின்ற வண்டி, மேலே வெயில். முள் பாதியை நெருங்கியது.

எங்கள் முறை வந்தது. அதே ஆள். "ரயிலு வந்துடுச்சு" என்றபடி புகைக்குழாயில் குழலைச் செருகினான். "ஆக்ஸிலேட்டரை மிதிங்கக்கா. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

அம்மா மிதித்தாள். முள் பாதியைத் தொட்டுத் தாண்டியது. அம்மாவின் வலது கை ஸ்டீயரிங்கை விட்டுச் சாவிக்குப் போனது.

"ஏறுதுடி."

"ஏறட்டும்."

"எல்லாரும் பாக்குறாங்கடி. இங்க கொதிச்சா..." அவள் குரல் அந்த மேட்டில் நின்றுகொண்டிருந்தது.

"கொதிக்காதும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அளந்தேன்."

அம்மாவின் விரல்கள் சாவியைப் பிடித்திருந்தன. திருப்பியிருந்தால் இன்ஜின் நின்றிருக்கும், சோதனை போயிருக்கும், சாயங்காலம் ஓட்டமும் போயிருக்கும். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவளும் பிடிவாதம் பிடித்திருப்பாள். அந்த ரத்தம்தான் எனக்கும்.

அவள் சாவியை விட்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது.

முன்னால் 'விர்ர்' என்று ஃபேன் கிளம்பியது. முள் ஒரு நூல் நடுங்கியது. நின்றது. பிறகு ஒரு மயிரிழை இறங்கி, நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டது.

சோதனைக்காரன் திரையைப் பார்த்தான். குழலை ஆட்டிவிட்டு மறுபடி பார்த்தான். குனிந்து புகைக்குழாயைப் பார்த்தான்.

"என்னக்கா இது? பேட்டரி வண்டியா மாத்திட்டீங்களா? இவ்வளவு சுத்தமா இருக்கு. யாரு பார்த்தது?"

"எம்பொண்ணு." அம்மா கண்ணாடியை முழுக்க இறக்கிச் சொன்னாள், பின்னால் வரிசையில் நின்றவனுக்கும் கேட்கட்டும் என்று. "இன்ஜினீயர்."

பேப்பர் கைக்கு வந்தது. அதை அம்மா என்னிடம் கொடுக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி அன்று மதியமே வண்டியைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுட்டதும் கையை எடுத்தார்.

"எத்தனை வண்டியில இதைக் கழட்டியிருக்கேன், தெரியுமா?" என்றார்.

"அப்ப அத்தனை வண்டியும் வரும், மேஸ்திரி. மாட்டி அனுப்புவோம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஸ்கேனரை எடுத்து வந்து என் பில் மேசைமேல் வைத்தார். "இது இனிமே இங்கயே இருக்கட்டும்" என்றார். டீ சொல்லச் சொல்லவில்லை. அவர் போன பிறகு திரைமேல் இருந்த பிளாஸ்டிக் தாளை ஓரத்தில் நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்து எறிந்தேன்.

அம்மா இன்னும் மேட்டில் ஏறும்போது சாவிப்பக்கம் கையைக் கொண்டுபோகிறாள். பாதி வழியில் திரும்பிவிடுகிறது. அந்த வாரம் ஒருநாள் நானும் அவளோடு ஆஸ்பத்திரி வரை போனேன். பின் சீட்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து, "அக்கா, என்னது, சூடு பாதிக்கு வந்துடுச்சு?" என்றாள் பயந்துபோய்.

"அது பாதியிலதாம்மா நிக்கணும்" என்றாள் அம்மா, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "முள்ளு தூங்குற வண்டியெல்லாம் சீக்கு வண்டி. என் வண்டி முள்ளு நட்ட நடுவுல நிக்கும். அந்தாண்ட இந்தாண்ட அசைஞ்சா எம்பொண்ணு தோலை உரிச்சுடுவா."